எட்டு மணி

ஃபின்சே நிலையம். காலை எட்டு.
ஜன்னலில் பாதிக்கு மேல் பனி.
தகட்டைப் பிய்க்கிறேன்.
மாத்திரைக்கு முன்னால் அதன் நாற்றம் வெளியே வருகிறது,
நனைந்த நாய்மேல் சாராயம் கொட்டியதுபோல.
விழுங்குகிறேன். இரவு எட்டுக்கு இன்னொன்று.
ஐந்து வருடமாக
பெர்கன் ரயில்கூடத் தவறியிருக்கிறது,
இது தவறியதில்லை.

மருந்துக்கடை ஆர்ன்ஃபின்
ரசீதின் பின்பக்கம் பதினொரு வட்டம் போட்டான்.
"இந்த வளையம்தான் உனக்குள் போகிறது.
பூஞ்சை ஒன்று செய்வது.
நீ பனி தள்ளுகிறாயே, அந்த மண்ணுக்கும் தெரிந்த பூஞ்சைதான்."

மற்றப் புரதங்களுக்கு ஓலை வரும்.
எழுத்துக்கூட்டிப் படித்துக்
கோத்துக்கொடுக்க ரைபோசோம் உண்டு.
இதற்கு ஓலையும் இல்லை, படிப்பவனும் இல்லை.
ஒரே ஒரு நொதி,
பூதம்போல் நீண்டது,
பதினொரு அறை.
எதை உள்ளே விடுவதென்பது
அந்தந்த அறையின் வளைவுக்கே தெரியும்.
முதல் அறைக்குக்
கண்ணாடிக்குள் நிற்கிற அலனின்தான் வேண்டும்,
வெளியே நிற்கிற அலனின் ஆகாது.
பிறகு ஒவ்வொன்றாய்.
வாங்கு, பிணை, அடுத்த கைக்குத் தள்ளு.
ஏழு இடத்தில் மட்டும்
ஒரு சின்ன மெத்தில் குல்லாய்.
ஏன் ஏழு என்றேன்.
ஆர்ன்ஃபின் உதட்டைப் பிதுக்கினான்.

எனக்கு இது புரிந்தது.
ஹௌகாஸ்தோல் வரை தண்டவாளம் என் பாடு,
அதற்கப்பால் வேறொருவன்.
பெர்கனில் இறங்குகிறவன் முகத்தை
நான் பார்த்ததே இல்லை.

கடைசி அறையில் சங்கிலி திரும்பித்
தன் தலையைத் தானே பிடித்துக்கொள்ளும்.
நுனி இல்லை.
கடிக்க வருகிற நொதிகளுக்குப்
பல் பதிக்க இடம் இல்லை.

பூஞ்சை இதை எனக்காகச் செய்யவில்லை.
கல்லடி வண்டுப்புழுவின் காவலைத் தூங்கவைக்க
என்கிறார்கள் சிலர்.
அதுவும் நிச்சயமில்லையாம்.

எனக்குள் இருப்பது ஆஸ்லௌக்கின் சிறுநீரகம்.
அப்பாவின் படகுக் கொட்டிலை
என்னைக் கேட்காமல் விற்ற ஆஸ்லௌக்.
ஒன்பது வருடம் பேச்சில்லை.
பிறகு ஒஸ்லோவிலிருந்து படிவம் வந்தது,
உறவு என்ற இடத்தில்
"அக்காள்" என்று அவள் கையெழுத்து.
இருவரும் ஒரே நாளில் மயக்கம்;
விழித்தபோது அவள் வேறு மாடியில்.

என் ரத்தத்துக்கு அவளைத் தெரியும்.
யார் நீ என்று கேட்டு
ஊரைக் கூட்டத் துடிக்கிறது.
வளையம் போய்
அதன் வாயை மட்டும் பொத்துகிறது.
அதற்கு விலை:
முழங்கை வரை கரடி மயிர்,
வீங்கிய ஈறு,
கோப்பை தட்டில் ஆடுகிற சத்தம்,
பம்பளிமாஸ் பக்கம் போகாதே என்கிற தாள்.

இந்த ஜூலையில், சொல்லாமல்,
நாலரை மணி ரயிலில் இறங்கினாள்.
ஏரிக்கரைவரை நடந்தோம்.
கிரியாட்டினின் எவ்வளவு என்றாள். சொன்னேன்.
பூட்ஸ் நுனியால் ஒரு கல்லைப் புரட்டினாள்.
அடியில் செத்த புழு ஒன்று,
வெள்ளை நூல் முளைத்து.
இதுவாக இருக்குமோ என்று எனக்கு.
நூல் முளைத்ததெல்லாம் அதுவாகிவிடுமா,
பேசாமல் கல்லை இருந்தபடி வைத்தேன்.

"அது என்னுடையது என்று
உன் உடம்புக்கு இன்னும் தெரியுமா?"

"தெரியும்.
தினம் இரண்டு தடவை
கேட்கவிடாமல் செய்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை.

இரவு எட்டு. வெளியே இன்னும் வெயில்.
தகட்டைப் பிய்த்தேன்.
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து
மூக்கைச் சுருக்கினாள்:
"கொட்டில் நாற்றம் இது.
தாரும் ஈரக் கயிறும்."

பதினாலு வருடத்தில் முதல் முறை அந்தச் சொல்.

மாத்திரை உள்ளங்கையில் ஒட்டத் தொடங்கியது.
கை ஆடியது,
அது மருந்தினால்.
எட்டு மூன்று. எட்டு நான்கு.
"எத்தனைக்கு விற்றாய்?" என்றேன்.